முட்டை மிதக்கும் தண்ணீர்

நோன்பு மாதத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் கிழக்கிலங்கைப் பொத்துவில் பள்ளிவாசல்களில் கஞ்சிக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். வாளி, சட்டி, மூடிபோட்ட தூக்கு என்று ஆளுக்கொரு பாத்திரம். வீட்டில் எதுவும் கைக்கு அகப்படாத பொடியன் ஒருவன் காலிச் சோடாப் போத்தலை நீட்டுவான். கொதிக்கக் கொதிக்க முதல் அகப்பை இறங்கியதும் போத்தலுக்கு இடுப்பு ஒடுங்கும், தோள் சரியும், கழுத்து மட்டும் விறைத்து நிற்கும். வரிசை சிரிக்கும். அவனுக்குப் பின்னால் நிற்பவன் அதே கஞ்சியைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் போய்விடுவான்.

இரண்டு பேருமே தெரியாமல் ஓர் ஆய்வு செய்துவிட்டார்கள். ஒடுங்கியது ‘பெட்’ எனப்படும் பொலியெத்திலீன் டெரெப்தலேட். அது 70, 80 பாகைச் சூட்டிலேயே இளகிவிடும். சோடாப் போத்தல் பிறக்கும்போது விரல் தடிப்பான சிறு குழாய். சூடாக்கி, இழுத்து, காற்றூதி அதைப் பெருக்க வைக்கிறார்கள். சூடு திரும்பக் கிடைத்ததும் பழைய உருவத்துக்கே போகப் பார்க்கிறது. கழுத்தை மட்டும் யாரும் இழுக்கவில்லை, அதனால் அதற்குத் திரும்பிப் போக இடமும் இல்லை. அசையாமல் நின்ற டப்பா பெரும்பாலும் பொலிபுரோப்பிலீன். அது உருக 160 பாகைக்கு மேல் வேண்டும். கஞ்சி அதற்கு ஒரு பொருட்டில்லை.

இந்த இரண்டையும் பிரித்தறிய அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும் என்பார்கள். முக்கோண அம்புக்குறிக்குள் 1 என்றால் பெட், 5 என்றால் பொலிபுரோப்பிலீன். 2 தடித்த பொலித்தீன், 4 மெல்லியது, 3 பீ.வீ.சீ., 6 பொலிஸ்டைரீன், 7 ‘மற்றவை’. அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் 1988இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சேகரிப்பு நிலையங்களில் போத்தல்களைத் தரம் பிரிப்பவர்களுக்காகப் போட்ட குறி. ஆனால் அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் அந்த முக்கோணத்தைக் கண்ட உலகம், ‘இது மறுசுழற்சியாகும்’ என்று பொருள் கொண்டுவிட்டது. அந்தக் குழப்பம் பொறுக்காமல் 2013இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். அதற்குள் கால் நூற்றாண்டு போய்விட்டது. அச்சுகளும் பழைய அச்சுகளாகவே பல இடங்களில் இன்றும் ஓடுகின்றன.

பொத்துவிலில் ஒரு வீட்டு வளவைச் சுற்றி வந்தால் அந்த எண் எத்தனை பொருளில் இருக்கிறது என்று பார்க்கலாம். சோடாப் போத்தலில் இருக்கும். சம்பூப் போத்தலில் இருக்கலாம். கிணற்றடி வாளியில் இல்லை, பேசனில் இல்லை, உடைந்த கதிரைக் காலில் இல்லை, மூடியில் இல்லை, விளையாட்டுச் சாமானில் இல்லை. பொறித்திருந்த பொருளும் உடைந்துபோனால் எண் ஒரு துண்டோடு போய்விடுகிறது. மீதிப் பத்துத் துண்டும் அநாதை. இலங்கை அரசு 2021 தொடக்கத்தில் பிளாஸ்டிக் பொருள்களில் அவற்றின் வகையைக் குறிக்கவேண்டும் என்று வர்த்தமானியில் ஒழுங்குவிதி வெளியிட்டது. நல்ல விதிதான். ஆனால் அதற்கு முன் வாங்கிய வாளிக்கு அது எட்டாது. பிளாஸ்டிக் வாளிக்கு ஆயுள் நீளம்.

எண் இல்லாத துண்டு கையிலிருந்தால் என்ன செய்வது? தொழிற்சாலைக்காரருக்குக் கருவி இருக்கிறது. பொத்துவிலில் இருப்பவருக்கு வயலும் கடலும் குசினியும் இருக்கின்றன. அவை மோசமான ஆய்வுகூடங்கள் அல்ல.

வயலிலிருந்து தொடங்கலாம். விதைநெல்லில் பதரைப் பிரிக்க உப்புத் தண்ணீர் கரைப்பது பழைய வழக்கம். உப்பு போதுமா என்று பார்க்க ஒரு கோழிமுட்டையை விடுவார்கள். முட்டை மேலே வந்து சிறு வட்டம் காட்டினால் கரைசல் பதம். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும், முற்றிய மணி அடியில் நிற்கும். இந்தக் கரைசலின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறத்தாழ 1.1 மடங்கு. பொலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05. ஆகவே வெறும் தண்ணீரில் முங்கும் பொலிஸ்டைரீன் துண்டு, முட்டை மிதக்கும் தண்ணீரில் மேலே வந்துவிடும். பெட்டுக்கு 1.38, பீ.வீ.சீ.க்கும் ஏறக்குறைய அதுதான். அவை எத்தனை உப்புப் போட்டாலும் எழும்பாது. பெரும்பாலான யோகட் கப்புகள் பொலிஸ்டைரீன்தான். விரலால் அமத்தினால் வளையாமல் ‘டப்’பென்று வெடிப்பதும், சீமெந்துத் தரையில் போட்டால் தகரம்போலச் சத்தம் கேட்பதும் அதன் குணம்.

இனிக் குசினி. தண்ணீரில் மிதப்பவை இரண்டு குடும்பம், பொலித்தீனும் பொலிபுரோப்பிலீனும். இரண்டையும் பிரிக்கத் தண்ணீர் உதவாது. தேங்காயெண்ணெய் உதவும். எண்ணெயின் அடர்த்தி 0.92க்குக் கொஞ்சம் உள்ளே. பொலிபுரோப்பிலீன் 0.90, 0.91, எண்ணெயிலும் மிதக்கும். தடித்த பொலித்தீன் 0.95, முங்கிவிடும். மெல்லிய பொலித்தீன் இரண்டுங்கெட்டானாக நடுவில் தயங்கும். தேங்காயெண்ணெய் விற்கிற விலைக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எந்த உம்மாவும் கேட்பா. ஒரு சின்னக் கிளாசில் நாலு மேசைக்கரண்டி போதும். வடித்து மூடிவைத்தால் அடுத்த முறைக்கும் அதே எண்ணெய்தான். துண்டைக் கழுவித் துடைத்து, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தட்டிவிட்டுப் போடவேண்டும். ஒரு குமிழி போதும், முங்கவேண்டியதை மிதக்கவைத்துப் பொய் சொல்ல.

ஒரு சுண்டு தண்ணீர், ஒரு சுண்டு முட்டைத் தண்ணீர், நாலு கரண்டி எண்ணெய்: ஆய்வுகூடம் இவ்வளவுதான். இவையும் இல்லாமல், பொருளின் வயிற்றை வைத்தே சொல்லக்கூடிய சங்கதிகளும் உண்டு. போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நடுவே தொப்புள்போல ஒரு புள்ளி இருந்தால் அது பெட். புள்ளிக்குப் பதிலாகத் தையல்போல ஒரு கோடு ஓடினால், உருகிய குழாயை அச்சு கவ்விப் பிடித்த தழும்பு அது. பெரும்பாலும் தடித்த பொலித்தீன். திறந்து திறந்து மூடினாலும் முறியாத ‘கப்’ மூடியின் மெல்லிய மடிப்பு பொலிபுரோப்பிலீனின் கைவேலை. சொப்பிங் பேக்கைக் கசக்கினால் வரும் சலசலப்பைச் சிங்களத்தில் ‘சிலி சிலி’ என்று அந்தப் பைக்கே பெயராக்கிவிட்டார்கள். அந்தச் சத்தம் தடித்த வகைப் பொலித்தீனை மெல்லிசாக இழுத்ததற்கு அடையாளம்; மெல்லிய வகைப் பை சத்தமில்லாமல் மெழுகுபோல நீளும். பாமரர் வைத்த பெயரில் வேதியியல் இருக்கிறது, வேதியியலாளர் போட்ட எண்ணில் சத்தம் இல்லை.

கடலில் தொழில் செய்பவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. வலைக்கு நைலோன் ஏன், வலையை இழுக்கும் கயிற்றுக்கு வேறு ஏன் என்று கரைவலைக்காரரைக் கேட்டால் அடர்த்தி என்ற சொல்லே வராது. ‘இது தாழும், அது மிதக்கும்’ என்பார். நைலோன் 1.14, கடல்நீர் 1.025, பச்சையும் நீலமுமான பிளாஸ்டிக் கயிறு 0.9 சொச்சம். அவர் கையால் நிறுத்துவைத்திருக்கும் கணக்கு அது. கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கும் அதே கணக்கில்தான் வருகிறது. கடலே முதல் வாளி. உள்ளே காற்றில்லாத கட்டித் துண்டு ஒன்று வாடைக் காற்றில் வந்து பொத்துவில் மணலில் கிடக்கிறதென்றால், அது ஏற்கெனவே ஒரு தேர்வில் தேறிவிட்டது. பொலித்தீனாகவோ பொலிபுரோப்பிலீனாகவோதான் பெரும்பாலும் இருக்கும். பெட்டும் பீ.வீ.சீ.யும் ஆழத்தில் தங்கிவிட்டன. மூடி திருகிய வெறும் போத்தல் மட்டும் தன் மூச்சால் மிதந்து வரும்.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்து, ஜூனில் தாழ்ந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பலிலிருந்து கொட்டியவையும் மிதந்துதான் கரைக்கு வந்தன. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள், பருப்பளவில். பெரும்பகுதி பொலித்தீன். ஒரு பொருளாகவும் ஆகாத, அதனால் எந்த எண்ணும் பொறிக்க முடியாத கன்னிப் பிளாஸ்டிக். மேற்குக் கரையில் அதை மணலோடு சல்லடையில் அரித்தவர்களுக்கு அது இன்னதென்று சொல்ல ஒரே ஆதாரம் கப்பலின் சரக்குப் பட்டியல்தான். செய்தவனுக்கு எல்லாம் தெரியும். பொறுக்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. உடைந்த வாளியிலும் இதே கதை சிறியதாக நடக்கிறது. வாளிக்கு உருக்கிய மூட்டையில் பெயர் அச்சடித்திருந்தது. வாளியில் ஒரு எண் பொறிக்க அச்சில் ஒரு கீறல் அளவு செலவுதான்.

உல்லைப் பக்கம் போனால், வெளியூரார் அறுகம்பை என்று சொல்லும் அந்தக் கரையில், வகை பார்ப்பதை வயிற்றுப்பாடாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். அலைச்சறுக்குப் பலகை திருத்துபவர்கள். ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை பருவம். பாரில் அடிபட்டுப் பிளந்த பலகைகள் கடைக்கு வரும். பலகையின் உள்ளே இருப்பது இரண்டு வகை நுரையில் ஒன்று. பொலியூரித்தேன் என்றால் படகுக்குப் பூசும் அதே பொலியெஸ்டர் ரெசினை ஊற்றித் துணி ஒட்டலாம். பொலிஸ்டைரீன், அதாவது மீன் பெட்டி செய்யும் ரெஜிபோம் இனமென்றால், அந்த ரெசின் பட்ட இடமெல்லாம் சீனிபோலக் கரைந்து குழிவிழும்; அதற்கு எப்பொக்சிதான் வேண்டும். பலகைக்காரனுக்குத் தன் பலகை எதுவென்று தெரிந்திருக்காது, மேலிருக்கும் ஸ்டிக்கர் உரிந்திருக்கும். திருத்துபவர் வெடிப்புக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார். ஜவ்வரிசிபோல மணிமணியாகத் தெரிந்தால் ரெஜிபோம். மாவுபோல ஒரே சீராயிருந்தால் மற்றது. சந்தேகமிருந்தால் ஓரத்துத் துணுக்கில் ஒரு சொட்டு அசிற்றோன். தவறினால் நட்டம் அவருடையது என்பதால் இங்கே அடையாளம் காண்பது கவனமாக நடக்கிறது.

நூல்களில் இன்னொரு பரிசோதனையை விரிவாக எழுதியிருப்பார்கள்: எரித்துப் பார்ப்பது. பொலித்தீன் மெழுகுதிரி மணத்தோடு சொட்டுச் சொட்டாக எரியும். பொலிஸ்டைரீன் கரிப்பூ பறக்கும் கறுப்புப் புகையோடு எரியும். நைலோன் முடி கருகும் மணம். பீ.வீ.சீ. நெருப்பை எடுத்ததும் தானே அணையும்; மூக்கைக் குத்தும். செப்புக் கம்பியைச் சூடாக்கிப் பீ.வீ.சீ.யில் தொட்டுத் திரும்பச் சுவாலையில் பிடித்தால் பச்சை நிறம் தெரியும். பைல்ஷ்டைன் என்ற வேதியியலாளர் 1872இல் சொன்ன வழி அது. பச்சைக்குக் காரணம் குளோரின்.

கிழக்குக் கரை ஊர்களில் இந்தப் பரிசோதனை நாள்தோறும் மஃரிபுக்கு முன் வளவு மூலையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கூட்டிய குப்பை, அதற்கு ஒரு நெருப்புக்குச்சி. மெழுகு மணமும் முடி மணமும் மூக்கைக் குத்தும் புகையும் ஒன்றாகக் கலந்து அடுத்த வீட்டுக் கொடித் துணியில் ஏறும். முடிவை வாசிக்கத்தான் ஆளில்லை. பீ.வீ.சீ. குழாய்த் துண்டு எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், டையொக்சின் உண்டாகும். ஒரு துணுக்கை அறிவதற்காகக்கூட வீட்டில் இதைச் செய்யாமலிருப்பது நல்லது. முட்டைத் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும்போது தேவையும் இல்லை. முங்கும் இரண்டில் பீ.வீ.சீ. எது, பெட் எது என்ற குழப்பம் வரும்போது தகட்டை மடித்துப் பார்க்கலாம். பீ.வீ.சீ.யில் பெரும்பாலும் வெள்ளைத் தழும்பு விழும். தொப்புளையும் தேடலாம்.

வகையைக் குழப்பிக்கொண்டால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். பெட்டை மறுபடி உருக்க 260 பாகைக்கு மேல் போகவேண்டும். அந்தச் சூட்டில் அதோடு சேர்ந்த பீ.வீ.சீ. அமிலமாகக் கக்கி முழுத் தொகுதியையும் மஞ்சளித்துப் பொடியாக்கிவிடும். பத்து இலட்சத்தில் ஐம்பது, நூறு பங்கு கலந்தாலே போதும். பொலிபுரோப்பிலீனும் பொலித்தீனும் ஒரே குடும்பம்போலத் தெரிந்தாலும் உருக்கி ஆறவைத்தால் ஒன்றோடொன்று பிடிக்காது, வார்த்த பொருள் மடிப்பில் பிளக்கும். நெதர்லாந்துக்காரர் டேவ் ஹாக்கென்ஸ் 2013இல் தொடங்கிய ‘பிரெஷியஸ் பிளாஸ்டிக்’ வரைபடங்களை வைத்து உலகெங்கும் சிறு பட்டறைகள் துருவி, உருக்கி, அச்சில் வார்க்கின்றன. அவர்கள் முதலில் தேடுவது போத்தல் மூடியைத்தான். மூடி இரண்டே வகையில் ஒன்று, நிறமும் கொட்டிக் கிடக்கிறது. பொத்துவில் பகுதியிலும் மூடிகளை உருக்கி, பலகையில் தேய்க்கும் மெழுகைச் சுரண்டுவதற்கான சீப்புகள் செய்யப்பட்டிருக்கின்றன. இங்கேயே ‘ரைஸ் அண்ட் கேரி’ என்ற முயற்சியில் உள்ளூர்ப் பெண்கள் வெற்று அரிசிப் பைகளைக் கழுவி வெட்டித் தைத்துத் தோள்பைகளாக்குகிறார்கள். அரிசிப் பை பின்னல் பொலிபுரோப்பிலீன். உருக்காமல் தைப்பதால் அதன் வகை தெரியவேண்டிய அவசியமே இல்லாத வழி அது. இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கலைத் தையல் மெசின் ஒரே மிதியில் கடந்துவிடுகிறது.

அடர்த்திக் கணக்கும் எல்லா இடத்திலும் சரிவராது. கலியாண வீட்டுக்கு அடுக்கிவைக்கும் வெள்ளைக் கதிரை பொலிபுரோப்பிலீன்தான். ஆனால் மலிவாகச் செய்ய அதில் சுண்ணாம்புத் தூள் கலப்பார்கள். கூடக் கலந்தால் கதிரைத் துண்டு தண்ணீரில் முங்கும். முங்கியதால் அது பீ.வீ.சீ. ஆகிவிடாது. வெய்யிலில் கிடந்து கையில் மாவாக ஒட்டும் துண்டு எந்த வகையாயிருந்தாலும் திரும்ப உருக்க உதவாது. கறுப்பு நிறம் இன்னொரு தொல்லை. அகச்சிவப்பு ஒளி பட்டுத் திரும்பும் விதத்தை வைத்து வகை சொல்லும் கருவிகள் கறுப்புப் பிளாஸ்டிக்கின் முன் குருடாகிவிடுகின்றன. கரித்தூள் ஒளியை விழுங்கிவிடும். பெருங்கருவிக்கு மாற்றாகக் கையடக்கமாக, வரைபடம் எல்லாருக்கும் திறந்ததாக ஜெரி டி வோஸ் என்ற நெதர்லாந்து மாணவர் செய்த ‘பிளாஸ்டிக் ஸ்கேனர்’ 2021இல் ஜேம்ஸ் டைசன் விருதின் நிலைபேறு பரிசைப் பெற்றது. அது பொத்துவில் பழைய இரும்புக் கடைக்கு வரும் நாள் வரட்டும்.

வகை தெரிந்தும் தொடக்கூடாதவையும் உண்டு. வயல் வரம்பில் கிடக்கும் கிருமிநாசினிப் போத்தல் தையல் கோட்டோடு, தடித்த பொலித்தீன் என்று தன்னை ஒளிக்காமல் சொல்லும். விவசாய இரசாயனங்களைப் பெட்டிலும் பீ.வீ.சீ.யிலும் அடைக்க 2021 மார்ச் 31 முதல் தடை. ஆனால் பொலித்தீன் தான் சுமந்ததைக் கொஞ்சம் குடித்துவைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய்க் கலனை எத்தனை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் மணம் போவதில்லை என்பதைக் கண்ட எவருக்கும் இது புரியும். இந்தப் போத்தல்களை உருக்கிச் சீப்பும் செய்யவேண்டாம், சோப்புப் பெட்டியும் செய்யவேண்டாம்.

பெயர் தெரியாததும் பெயர் தெரிந்தும் வாங்க ஆளில்லாததும் கடைசியில் ஓரிடத்துக்குத்தான் போகின்றன. அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படும் பள்ளக்காட்டு மேட்டில், எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அறுத்துப் பார்த்த வயிறுகளில் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் இருந்தன. யானை வகை பார்ப்பதில்லை, உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

இத்தனையையும் ஒருமுறை செய்து பார்க்க, இடியப்பத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகளை 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கை தடைசெய்துவிட்டது. தடைக்கு முன் வாங்கியவை குசினிகளில் இன்னும் ஆவி பிடிக்கின்றன. ஓரம் தெறித்த தட்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் எண் கிடையாது. ஆனால் அது வருடக்கணக்காக 100 பாகை ஆவியில் நெளியாமல் இருந்திருக்கிறது. பெட்டாக இருக்க வழியில்லை, மெல்லிய பொலித்தீனாகவும் இருக்காது. ஒரு துண்டை முறித்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. எண்ணெய்க் கிளாசில் போட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கேயும் மேலே வருகிறது. பொலிபுரோப்பிலீன். சந்தேகமில்லை.

தெருவில் பழைய இரும்புக்காரரின் முச்சக்கர வண்டிச் சத்தம் கேட்கிறது. தட்டுகளை ஒரு உரப்பையில் போட்டு வாசலுக்குக் கொண்டுபோனால் அவர் கையை விட்டுக் கிளறிப் பார்க்கிறார். சோடாப் போத்தலை எடுக்கிறார், உடைந்த பேசனை எடுக்கிறார். தட்டை வெளியே வைக்கிறார்.

“இது எடுக்க ஏலா ராத்தா.”

“நல்ல சாமான் காக்கா, பேசனும் இதும் ஒரே இனம்தான். எண்ணெயில போட்டுப் பார்த்தன்.”

“இருக்கும். இது பாரமில்லையே, இடம் புடிக்கும். வெட்டித் தந்தா அடுத்த கிழம பாப்பம்.”

வண்டி அடுத்த வாசலுக்குப் போகிறது. தட்டுகள் அடுக்கப்பட்டு, தெறித்தது அடியிலும் நல்லது மேலிலுமாக, திரும்பக் குசினிக்குள் போகின்றன. எண்ணெய்க் கிளாசுக்குள் அந்த ஒரு துண்டு இன்னும் மிதக்கிறது.